பயோடீசல் கிளிசரினை எரிபொருள் சேர்மானமாக்குதல்: குறுக்கே நிற்கும் உப்பும் நீரும்

பத்து டன் பயோடீசல் தயாரித்தால் ஏறக்குறைய ஒரு டன் கிளிசரின் கூடவே வந்து சேரும். தவிர்க்க வழியில்லை. செம்பனை எண்ணெயின் ஒவ்வொரு டிரைகிளிசரைடு மூலக்கூறும் மூன்று மெத்தனாலோடு வினைபுரிந்து மூன்று மெத்தில் எஸ்டராகப் பிரியும்போது ஒரு கிளிசரால் (கிளிசரினின் வேதிப்பெயர்) எஞ்சித்தான் தீரும். மலேசியாவில் 2019-இல் போக்குவரத்து டீசலுக்கு பி10, அதாவது பத்து விழுக்காடு பயோடீசல் கலவை, வந்தது. 2020 பிப்ரவரியில் லங்காவியில் பி20 தொடங்கப்பட்டது. கலவை விழுக்காடு கூடினால் கிளிசரினும் கூடும். அதை வேதிமாற்றம் செய்து மறுபடியும் எரிபொருள் தொட்டிக்கே அனுப்பலாமே என்ற ஆசை அப்படித்தான் பிறந்தது.

கிளிசரினை அப்படியே ஊற்ற முடியாது. டீசலில் அது கரையாது, அடியில் தங்கிவிடும். 20 டிகிரி செல்சியசில் அதன் பாகுநிலை சுமார் 1,400 மில்லிபாஸ்கல்-வினாடி; நீரைப்போல ஆயிரத்து நானூறு மடங்கு. சரியாக எரியாவிட்டால் கண்ணைக் கரிக்கும் நச்சுப் புகையான அக்ரோலீனைக் கிளப்பும். ஐரோப்பியத் தரமான இஎன் 14214, பயோடீசலில் தனிக் கிளிசரால் 0.02 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. இத்தனைக்கும் காரணம் மூலக்கூறில் உள்ள மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள். அவற்றை மூடிவிட்டால் எண்ணெயோடு ஒட்டும். அசிட்டோனைக் கொண்டு இரண்டை மூடினால் சோல்கெட்டால், அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு மூடினால் அசெட்டின்கள், ஐசோபியூட்டிலீனைக் கொண்டு மூடினால் பியூட்டைல் ஈதர்கள். மூன்றுக்கும் அமில வினையூக்கி வேண்டும். கந்தக அமிலத்தை ஊற்றினாலும் வினை நடக்கும். ஆனால் பிறகு அதை நடுநிலையாக்கி உப்பாக வெளியேற்ற வேண்டும், கலனும் அரிக்கும். வடிகட்டி எடுத்து மறுபடியும் போடக்கூடிய திட அமிலத்தைத் தேடுவது அதனால்தான்.

இதுவரை எழுதப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை எந்த வினையூக்கி சிறந்தது என்ற கேள்வியிலேயே நிற்கின்றன. ஆலையில் முதலில் எழும் கேள்வி வேறு: உள்ளே வரும் கிளிசரின் எது?

பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில் கொழுப்பமிலம் தயாரிக்கும் ஓலியோகெமிக்கல் ஆலைகள் நெடுங்காலமாக இயங்குகின்றன. அங்கே எண்ணெயை உயரழுத்த நீராவியால், சுமார் 250 டிகிரியில், பிளக்கிறார்கள். அதில் வெளிவரும் 'ஸ்வீட் வாட்டர்' என்ற நீர்த்த கிளிசரின் கரைசலில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நீரை ஆவியாக்கினால் போதும், பிறகு காய்ச்சி வடிக்கலாம். பயோடீசல் ஆலைக் கிளிசரின் அப்படியல்ல. சோடியம் மெத்தாக்சைடு கொண்டு வினையை நடத்தி, முடிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்குவார்கள். கிடைப்பது பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் கெட்டியான திரவம்: கிளிசரால் சுமார் 80 விழுக்காடு, நீர் 10 வரை, சமையலுப்பு 5 அல்லது அதற்கு மேல், மிச்சம் மெத்தனால், சோப்பு, கொழுப்பமிலம். ஒரே கொள்கலனில் 'கச்சா கிளிசரின்' என்று ஒட்டியிருந்தாலும் இவ்விரண்டும் ஒன்றல்ல. திட அமிலத்துக்கு முன்னால் இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிகம் பயன்படும் ஆம்பர்லிஸ்ட்-15 என்பது சல்போனிக் அமிலம் ஏற்றிய பாலிஸ்டைரீன் பிசின் மணிகள். உலர்ந்த ஒரு கிலோவில் 4.7 மோல் அமில இடங்கள் உண்டு. 5 விழுக்காடு உப்புள்ள ஒரு கிலோ கச்சா கிளிசரினில் 50 கிராம் சோடியம் குளோரைடு, அதாவது 0.86 மோல் சோடியம். வழக்கப்படி 5 விழுக்காடு வினையூக்கி போட்டால் 50 கிராம் பிசின், அதில் 0.235 மோல் அமிலம். அமில இடம் ஒன்றுக்குச் சோடியம் மூன்றரைக்கு மேல். பிசின் பிறவியிலேயே அயனிப் பரிமாற்றி. சோடியத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடும். ஒரே சுற்றில் வினையூக்கியின் பெரும்பகுதி உப்பேறிய பிசினாகிவிடும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பிசின் விட்ட ஹைட்ரஜன் அயனி காணாமல் போவதில்லை. குளோரைடோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகத் திரவத்தில் கிடக்கிறது. அந்த அமிலம் வினையைத் தொடர்ந்து ஊக்கும். அதனால் முதல் ஓட்டத்தில் மாற்ற விழுக்காடு கௌரவமாகவே வரும், 'கச்சா கிளிசரினிலும் நம் வினையூக்கி வேலை செய்கிறது' என்று எழுதத் தோன்றும். வேலை செய்தது திடப்பொருள் அல்ல, கரைந்த அமிலம். இரண்டாம் ஓட்டத்தில் புதுக் கிளிசரினோடு அதே பிசினைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அதைவிட எளிய சோதனை: வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிந்த திரவத்தை மட்டும் அதே வெப்பநிலையில் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றம் நின்றால் ஊக்கியது திடம். தொடர்ந்து ஏறினால் ஊக்கியது திரவம். நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்திலோ கோலாலம்பூரின் மலாயாப் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்கும் மாணவர் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய சோதனை இது. திரவத்தில் மிதக்கும் குளோரைடு 316 துருப்பிடிக்கா எஃகையும் குழி விழ அரிக்கும் என்பது தனிக் கதை.

சோல்கெட்டாலில் இருந்து தொடங்குவோம்; மூன்றில் எளிதானது, ஆகவே ஏமாற்றுவதிலும் முதலிடம். 92 கிராம் கிளிசராலும் 58 கிராம் அசிட்டோனும் சேர்ந்தால் 132 கிராம் சோல்கெட்டாலும் 18 கிராம் நீரும். ஆய்வக அளவில் செய்ய, 99.5 விழுக்காடு சுத்திகரித்த கிளிசரின் 92 கிராம், அசிட்டோன் 232 கிராம் அல்லது ஏறக்குறைய 294 மில்லிலிட்டர், உலர் ஆம்பர்லிஸ்ட்-15 4.6 கிராம் எடுத்துக்கொள்ளலாம். இது கிளிசரால் ஒன்றுக்கு அசிட்டோன் நான்கு என்ற மோல் விகிதம். ஒரு லிட்டர் மூன்று கழுத்துக் குடுவை, மேலே நீர் ஓடும் குளிர்விப்பான், 40 முதல் 50 டிகிரி வரை வெந்நீர்த் தொட்டி. காந்தக் கலக்கி வேண்டாம். அதன் கம்பி பிசின் மணிகளை அடியில் போட்டு அரைத்துத் தூளாக்கும், பிறகு வடிதாள் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து சுழலும் துடுப்புக் கலக்கியே சரி.

தொடக்கத்தில் அசிட்டோனும் கிளிசரினும் முழுமையாகக் கலக்காது; கீழே கெட்டியாகவும் மேலே தண்ணீராகவும் இரண்டு படலம் தெரியும். கலக்கு போதாவிட்டால் வினை மந்தமாகத் தொடங்கும். சோல்கெட்டால் உண்டாக உண்டாக அதுவே இரண்டையும் சேர்த்து வைக்கும். கலங்கலாக இருந்த குடுவை தெளிந்து ஒரே படலமாவதைக் கண்ணால் பார்க்கலாம். வினை ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தொடரோட்ட வினைகலன் மாதிரியான பெருங்கருவிகள் எதுவும் தேவையில்லாத வினை இது. ஆனால் பிசினை அடைத்த நிலைப்படுக்கைக் குழாயில் ஓட்டுவோர் இந்தத் தொடக்கப் பிரிவைச் சமாளிக்க வேண்டும். கொஞ்சம் எத்தனால் சேர்த்தோ தயாரான சோல்கெட்டாலையே திருப்பி ஊட்டியோ உள்ளே போகும் கலவையை ஒரே படலமாக்குவார்கள். குழாயில் பிசினை நெருக்கித் திணிக்கவும் கூடாது. உலர் பிசின் நீரும் கிளிசராலும் பட்டதும் உப்பும். இடம் விடாவிட்டால் அழுத்தம் ஏறி மணிகள் நொறுங்கும்.

பிசினை நிறுப்பதிலேயே ஒரு பிழை காத்திருக்கிறது. ஆம்பர்லிஸ்ட்-15 ஈர வடிவிலும் விற்கப்படுகிறது. அதில் எடையில் பாதிக்கு மேல் நீர். பத்து கிராம் போட்டால் ஐந்து கிராமுக்கு மேல் தண்ணீரைக் கையாலேயே ஊற்றியதாகும், அமிலமும் கணக்கிட்டதில் பாதிக்கும் குறைவு. மெத்தனாலால் நிறம் நிற்கும் வரை கழுவி, 100 டிகிரியைத் தாண்டாமல் வெற்றிடத்தில் உலர்த்தி, மூடிய புட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். 120 டிகிரி இந்தப் பிசினின் எல்லை. அதற்கு மேல் சல்போனிக் குழுக்களே கழன்றுவிடும். கிளிசரினும் ஈரம் உறிஞ்சும் பொருள். பினாங்குக் காற்றில் திறந்து வைத்த முகவையில் காலையில் நிறுத்ததை மாலையில் பயன்படுத்தினால் எடையும் பொய், நீரளவும் பொய்.

நீரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்றால், இது இருதிசை வினை. உண்டாகும் நீரும் கூட வந்த நீரும் வினையைப் பின்னுக்குத் தள்ளும். 80 விழுக்காடு கிளிசராலும் 10 விழுக்காடு நீரும் உள்ள கச்சாவில், கிலோவுக்கு 8.7 மோல் கிளிசரால், 5.6 மோல் நீர். வினை தொடங்குவதற்கு முன்பே, மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக வினை நடந்து முடிந்ததற்கு இணையான நீர் அங்கே இருக்கிறது. அசிட்டோனை ஆறு மடங்காகக் கூட்டித் தள்ளலாம். ஆனால் கூட்டிய அசிட்டோன் எல்லாவற்றையும் பிறகு கொதிக்க வைத்து மீட்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டித் தள்ளலாமா? முடியாது. வினை வெப்பம் உமிழ்வது. சூடு கூடினால் வேகம் கூடும், சமநிலை பின்வாங்கும்.

எஸ்டர் தயாரிப்போர் நீரைக் கொதிக்க வைத்து விரட்டிவிடுவார்கள். இங்கே அந்த வித்தையும் பலிக்காது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறது, நீர் 100-இல். சூடாக்கினால் முதலில் ஓடுவது நமக்கு வேண்டிய அசிட்டோன். ஆகவே வெளியே வரும் ஈர அசிட்டோன் ஆவியை, நீரை உறிஞ்சும் 3ஏ மூலக்கூறு சல்லடை வழியே உலர்த்தித் திரும்ப விடுவது, அல்லது வினையை இரண்டு கட்டமாக்கி இடையில் நீரை எடுப்பது என்ற வழிகள்தான் மிச்சம். சல்லடையை நேரே குடுவைக்குள் போடுவது நல்ல பழக்கமல்ல. அதன் சோடியமும் பொட்டாசியமும் பிசினுக்குப் போய்ச் சேரும்.

வினை முடிந்ததும் பிசினை வடிகட்டி நேராகக் காய்ச்சத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. திரவத்தில் அமிலத் துளி எஞ்சியிருந்தால், அசிட்டோன் ஆவியாகப் போகப் போக, மிச்சமுள்ள நீர் சோல்கெட்டாலை மறுபடியும் கிளிசராலாக உடைக்கும். வடிகட்டிய உடனே சிறிது சோடியம் கார்பனேட்டோ காரப் பரிமாற்றிப் பிசினோ போட்டு நடுநிலையாக்கிய பிறகே சூடு காட்ட வேண்டும். அசிட்டோனையும் நீரையும் எடுத்த பின், 11 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் 80-81 டிகிரியில் சோல்கெட்டால் வரும். வெற்றிடம் இல்லாவிட்டால் 188 டிகிரி வரை ஏற வேண்டியிருக்கும். வினைபுரியாத கிளிசரின் அடியில் தங்கும், அதை அடுத்த தொகுதிக்குத் திருப்பலாம்.

அளவிடுவதிலும் இரண்டு பொறிகள். நீரளவுக்கு வழக்கமான கார்ல் பிஷர் வினைப்பொருளில் மெத்தனால் இருக்கும். அது அசிட்டோனோடு வினைபுரிந்து புதிதாக நீரை உண்டாக்கும், எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். கீட்டோன்களுக்கென்று விற்கும் வினைப்பொருளையே வாங்க வேண்டும். வாயு நிறப்பிரிகைக் கருவியில் அமிலம் எஞ்சிய மாதிரியைச் செலுத்தினால், 250 டிகிரி செலுத்து முனையிலேயே வினை தொடரும். தாளில் வருவது குடுவையின் நிலை அல்ல. அசிட்டோன் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்த்து விளைச்சல் சொல்வதும் சரியாகாது. அமிலத்தில் அசிட்டோன் தன்னோடு தானே சேர்ந்து மெசிட்டைல் ஆக்சைடாகும்; மஞ்சள் நிறமும் புதினா போன்ற நெடியும் அதன் அடையாளம். அசிட்டோனின் தீப்பற்று நிலை நீரின் உறைநிலைக்கும் கீழே சுமார் 20 டிகிரி. நம் ஊர் வெயிலில் பீப்பாய் திறந்தாலே தீப்பிடிக்கும் ஆவிதான். ஊற்றும்போது இரண்டு பீப்பாய்களையும் நிலத்தோடு கம்பியால் இணைக்காமல் வேலை தொடங்கக்கூடாது.

அசெட்டின் வழியில் வெப்பநிலை ஏறுகிறது. 92 கிராம் கிளிசரினுக்கு ஆறு மோல், அதாவது 360 கிராம் அசிட்டிக் அமிலம், 105 முதல் 110 டிகிரி. மோனோ, டை, டிரை என மூன்று படிகள், மூன்றாவதுதான் மந்தம். சில மணி நேரத்தில் கிளிசரால் முழுவதும் தீர்ந்துவிடும், ஆனால் கலவையில் டிரையசெட்டின் சிறுபான்மைதான். 'மாற்றம் 100 விழுக்காடு' என்ற வரியைப் படிக்கும்போது எதுவாக மாறியது என்று கேட்க வேண்டும். மோனோஅசெட்டின் நீரில் கரையும், டீசலோடு ஒட்டாது. எரிபொருளுக்குப் பயன் இல்லை. மூன்றாம் படியைத் தள்ள டொலுயீன் சேர்த்து டீன்-ஸ்டார்க் பொறியில் நீரைப் பிரிப்பார்கள். இங்கே அது பலிக்கும். டொலுயீனும் நீரும் சேர்ந்து 85 டிகிரியில் கிளம்பும், 118 டிகிரியில் கொதிக்கும் அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் பின்தங்கும். கடைசிக் கட்டத்தில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்தால் வேகமாக முடியும். ஆனால் அது கடுமையாகச் சூடு கிளப்பும் வினை. குளிர்வித்துக்கொண்டே சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.

உப்புள்ள கிளிசரினை இந்த வழியில் போடுவது சோல்கெட்டாலில் போடுவதைவிட மோசம். பிசின் விட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலம், 110 டிகிரி, அசிட்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்தால் கிளிசராலில் குளோரின் ஏறும், குளோரோபுரொப்பேன்டையால் உண்டாகும். கார்பாக்சிலிக் அமிலத்தை ஊக்கியாக வைத்து எபிகுளோரோஹைட்ரின் தயாரிக்கும் தொழில்முறையின் முதல் படியே இதுதான். எரிபொருளில் குளோரின் ஏறினால் அந்தச் சேர்மானத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

பியூட்டைல் ஈதர்கள் தரத்தில் மூன்றிலும் மேல். டை, டிரை ஈதர்கள் டீசலில் நன்றாகக் கரையும். ஆனால் ஐசோபியூட்டிலீன் வாயு. அழுத்தக் கலத்தில் திரவமாக வைத்து 60 முதல் 90 டிகிரியில் நடத்த வேண்டும், அது தன்னோடு தானே இணைந்து டைஐசோபியூட்டிலீனாகவும் வீணாகும். வாயு வேண்டாமென்று டெர்ட்-பியூட்டனால் எடுத்தால் மறுபடியும் நீர் உண்டாகி, மோனோ ஈதரோடு வினை நின்றுவிடும். ஐசோபியூட்டிலீனை உண்டாக்கிப் பயன்படுத்தும் பெட்ரோகெமிக்கல் ஆலை இருப்பது குவாந்தானுக்கு அருகே கெபெங்கில். பினாங்கில் சிறு அளவில் தொடங்க இது வழியல்ல.

வினையூக்கிகளுக்கு வருவோம். நுண்துளைக் கனிமமான பீட்டா சியோலைட்டில், சிலிக்கான்-அலுமினிய அணு விகிதம் 12.5 என்றால், கிராமுக்கு அதிகபட்சம் 1.2 மில்லிமோல் அமிலம். பிசினில் கால் பங்கு. நுண்துளை 0.7 நானோமீட்டருக்குள். சோல்கெட்டாலுக்கு இது போதும், பருத்த டிரை ஈதருக்கு இடம் போதாது. ஆனால் அலுமினியம் குறைந்த சியோலைட் நீரை விரும்பாது என்பதால் ஈரத்தைப் பிசினைவிட நன்றாகத் தாங்கும். கரி படிந்தால் 500 டிகிரிக் காற்றில் எரித்துப் புதுப்பிக்கலாம், பிசினை அப்படிச் செய்ய முடியாது. செம்பனை ஓட்டுக் கரியில் சல்போனிக் அமிலம் ஏற்றிய வினையூக்கிகள் இங்குள்ள ஆய்வகங்களுக்குப் பிடித்தமானவை. மூலப்பொருள் மலிவுதான், ஆனால் தளர்வாக ஒட்டிய கந்தகம் கழன்று திரவத்துக்கு வரும். சல்பேட் ஏற்றிய சிர்க்கோனியாவும் நீரில் சல்பேட்டை விடும். இது செயல்திறன் குறைவதோடு நிற்பதில்லை. யூரோ 5 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கந்தகம் கசியும் வினையூக்கியால் செய்த சேர்மானம் அந்தக் கணக்கை எளிதில் கெடுக்கும்.

கலக்கும் இடத்தில் முதலில் இடிப்பது அடர்த்தி. சோல்கெட்டால் லிட்டருக்கு 1.066 கிலோ, டிரையசெட்டின் 1.16. லிட்டருக்கு 0.84 கிலோ உள்ள டீசலில் 5 விழுக்காடு சோல்கெட்டால் கலந்தால் 0.851, ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590-இன் உச்சவரம்பு 0.845. இரண்டு விழுக்காட்டோடு நிறுத்தினால்தான் உள்ளே அடங்கும். செம்பனை பயோடீசலுக்கு வரம்பு 0.90 என்பதால் அங்கே கொஞ்சம் தாராளம். 5 விழுக்காடு டிரையசெட்டின் போட்டால் 0.89-ஐ ஒட்டி நிற்கும், 10 போட்டால் தாண்டும். டிரையசெட்டின் எடையில் 44 விழுக்காடு ஆக்சிஜன், டீசல் எளிதில் தீப்பற்றுவதைக் காட்டும் சீட்டேன் எண்ணும் மிகக் குறைவு. அள்ளிப் போடும் பொருளல்ல. சோல்கெட்டாலுக்குப் பொருத்தமான இடம் டீசலைவிடப் பெட்ரோல்தான். சில விழுக்காடு சேர்த்தாலே ஆக்டேன் எண் ஓரிரு புள்ளி ஏறியதும் பிசுபிசுப்புப் படிவு குறைந்ததும் சோதனைகளில் காணப்பட்டவை. பசுமை எரிபொருள் என்று விளம்பரம் செய்வோர் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: சோல்கெட்டாலின் ஆறு கார்பனில் மூன்று அசிட்டோனிலிருந்து வருகிறது, சந்தையில் உள்ள அசிட்டோன் பெரும்பாலும் பீனால் ஆலைகளின் பெட்ரோலியப் பக்கவிளைவு.

ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ திட்ட அறிக்கை எழுதுவோர் வினையூக்கிக்கு முன் சுத்திகரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பயோடீசல் கிளிசரினை பிஎச் 2 அளவுக்கு அமிலமாக்கினால் சோப்பு உடைந்து கொழுப்பமிலமாக மேலே மிதக்கும். அதை எடுத்து, நடுநிலையாக்கி, மெத்தனாலையும் நீரையும் வெற்றிடத்தில் ஓட்டினால் உப்பின் ஒரு பகுதி படிகமாக விழும். எஞ்சியதைப் பிரிக்க வெற்றிடக் காய்ச்சல்தான் வழி. வெற்றிடம் போதாமல் 200 டிகிரியைத் தாண்டினால் கிளிசரால் தன்னோடு தானே இணைந்து பாலிகிளிசராலாகி அடியில் கரும்பாகாகும். பயோடீசல் ஆலையிலேயே திட வினையூக்கி வைப்பது இன்னொரு வழி. பிரான்சின் செத் நகரில் 2006-இல் இயங்கத் தொடங்கிய ஆலை துத்தநாக அலுமினேட்டைக் கொண்டு, உப்பில்லாத 98 விழுக்காடு கிளிசரினை நேராகவே தருகிறது. இவ்வளவு சுத்தமான கிளிசரின் கையில் இருந்தால் அதை அப்படியே மருந்து, அழகுப்பொருள் சந்தையில் விற்கலாமே என்ற கேள்வி வரும். சந்தை விலை ஏறியிருக்கும் காலத்தில் அதுதான் லாபம். சேர்மான ஆலை விலை விழும் காலத்துக்கான துணை அலகாகவே நிற்க முடியும்.

தீர்ந்துபோன பிசினை 5 முதல் 10 விழுக்காடு கந்தக அமிலத்தால் கழுவிச் சோடியத்தை வெளியேற்றலாம். கழிவுநீர் கலங்கல் தெளியும் வரை அல்ல, வெளிவரும் நீரின் பிஎச் உள்ளே போகும் நீரோடு ஒத்துவரும் வரை அலச வேண்டும். அப்படியும் திறன் திரும்பாத பிசினைக் குப்பையில் சேர்க்க முடியாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி அது கழிவு வினையூக்கி, எஸ்டபிள்யூ 202. அந்தக் குறியீட்டை ஒட்டிய பீப்பாயில் அடைத்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் செலவையும் ஒரு கிலோ சோல்கெட்டாலின் அடக்கவிலையில் சேர்த்தே எழுத வேண்டும்.